எவ்ரிஒன்... ஃபுல் கண்ட்ரோல்!

‘அட்மின் பாஸ்வேர்டு குடுங்க சார், அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடறேன்.’

ஏ.சி. ரூமில் சர்வர் என்று ஒரு பெட்டியை வைத்திருக்கும் எந்த ஆபீஸும் இந்த வசனத்துக்குத் தப்பியதில்லை. ஆடிட்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி பில்லிங், ஸ்பின்னிங் மில், பள்ளிக்கூடம், எங்கே போனாலும் இதே காட்சிதான். புது சாஃப்ட்வேர் போட முதுகுப் பையுடன் ஓர் இளைஞர் வருகிறார். கறுப்புத் திரையில் ஏதோ டைப் அடிக்கிறார். ‘ஆக்ஸஸ் இஸ் டினைடு’ என்று பதில் வருகிறது. மறுபடி அடிக்கிறார். மறுபடி அதே பதில். சீனியருக்கு போன் போடுகிறார். அந்தப் பக்கத்திலிருந்து உபதேசம் கிடைக்கிறது: ‘ஃபோல்டருக்கு எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல் குடுத்துடு. யு.ஏ.சி.யை ஆஃப் பண்ணிடு. ஆன்டிவைரஸையும் நிறுத்திடு.’ பிழைச் செய்தி மறைகிறது. முதலாளிக்குத் திருப்தி. இளைஞருக்குக் காபி.

இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை. ராத்திரி குரைக்கிற நாயை அடித்துப் போட்டுவிட்டு, ‘சத்தம் நின்னுடுச்சு சார்’ என்று வந்து நிற்கிற காரியம்.

‘கம்ப்யூட்டர் சமாசாரம், நமக்கெதுக்கு?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், பையனின் மார்க் ஷீட், பி.எஃப். கணக்கு, நீங்கள் அட்வான்ஸ் கொடுத்த ஃபிளாட்டின் ரசீது எல்லாம் இப்படிப்பட்ட ஏதோ ஒரு பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அந்தப் பெட்டியின் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவதற்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

*

முதலில், அந்தக் கறுப்புத் திரையில் என்னதான் நடக்கிறது?

பெரிய சாஃப்ட்வேர் எதுவும் ஒரே கல்லில் செதுக்கிய சிலை இல்லை. பல துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. பில் அச்சடிக்க ஒரு துண்டு, பார்கோடு படிக்க ஒன்று, மெயில் அனுப்ப இன்னொன்று. விண்டோஸில் இந்தத் துண்டுகளுக்கு காம்பொனென்ட் என்று பெயர். பெரும்பாலும் டி.எல்.எல். என்ற வால் ஒட்டிய ஃபைலாக இருக்கும். அதைக் கொண்டுவந்து டிஸ்க்கில் போட்டால் மட்டும் போதாது. ‘நான் வந்திருக்கிறேன், என் பெயர் இது, என் 32 இலக்க அடையாள எண் இது, நான் இருக்கும் ஃபோல்டர் இது’ என்று விண்டோஸின் பேரேட்டில் எழுத வேண்டும். அந்தப் பேரேடுதான் ரிஜிஸ்ட்ரி. எழுதவைக்கும் சின்ன கருவியின் பெயர் ரெக்எஸ்விஆர்32.

இப்போது பத்திரப் பதிவு ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் மனு கொடுப்பீர்கள். சரிபார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது அவர்கள் வேலை. ரெக்எஸ்விஆர்32 அப்படிச் செய்வதில்லை. அது காம்பொனென்ட்டை உள்ளே அழைத்து உட்காரவைத்து, ‘நீயே எழுதிக்கோப்பா’ என்று பேனாவைக் கையில் கொடுத்துவிடுகிறது. அந்த டி.எல்.எல்.லுக்குள் இருக்கும் ஒரு புரோகிராம்தான் பேரேட்டில் எழுதுகிறது. என்ன எழுதும், எங்கே எழுதும், எழுதும் சாக்கில் வேறு எதையாவது செய்யுமா என்பதெல்லாம் அதை உருவாக்கியவருக்குத்தான் வெளிச்சம். நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்துகொண்டு அந்தக் கட்டளையைக் கொடுத்தால், அந்தச் சில விநாடிகளுக்கு அந்த முகம் தெரியாத புரோகிராமும் அட்மினிஸ்ட்ரேட்டர்.

ஒரு கிரவுண்டு மனை வாங்க முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். இந்த விருந்தாளியிடம் ‘நீ யார், எந்த ஊர்?’ என்றுகூடக் கேட்பதில்லை. ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க அரை நிமிஷம் ஆகாது.

இந்தப் பேரேட்டில் மெஷின் முழுவதற்கும் பொதுவான பகுதி ஒன்று உண்டு. அதில் அட்மினிஸ்ட்ரேட்டர்கள்தான் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். ஏன் இந்தக் கெடுபிடி? காரணம் இருக்கிறது. பில் அச்சடிக்கும் துண்டு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற வரியை ஒருவன் மாற்றி எழுதிவிட்டால், அதற்குப் பிறகு அந்தத் துண்டைக் கூப்பிடும் ஒவ்வொரு புரோகிராமும் அவன் வைத்த போலித் துண்டைத்தான் கூப்பிடும். ஒரே ஒரு வரி. வீட்டு நம்பர் பலகையைக் கழற்றி அடுத்த வீட்டில் மாட்டுகிற மாதிரி. கல்யாணப் பத்திரிகையும் அங்கேதான் போகும், மணியார்டரும் அங்கேதான் போகும்.

ஆக, ‘ஆக்ஸஸ் இஸ் டினைடு’ என்பது கோளாறு அல்ல. வாட்ச்மேன் தன் வேலையைச் செய்கிறான். அவ்வளவுதான்.

*

அந்தப் பிழைச் செய்தியோடு ஓர் எண்ணும் வரும்: 80070005. பார்த்தால் பயமாக இருக்கும். ஜாதகம் சுலபம். முதலில் வரும் 8, ‘காரியம் நடக்கவில்லை’. நடுவில் இருக்கும் 7, ‘இது விண்டோஸ் சொல்லும் பிழை’. கடைசி 5, ‘அனுமதி இல்லை’. விண்டோஸின் பிழைப் பட்டியலில் 2 என்றால் ஃபைலைக் காணோம், 3 என்றால் அந்தப் பாதையே இல்லை, 5 என்றால் உனக்கு உரிமை இல்லை. இதைவிடத் தெளிவாக ஒரு மெஷின் பேச முடியாது. நாம்தான் காது கொடுத்துக் கேட்பதில்லை.

இந்த 5 வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தபோது யு.ஏ.சி. என்ற காவல் ஏற்பாடும் கூட வந்தது. அன்றிலிருந்து நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் இருந்தாலும், சும்மா திறக்கும் ஜன்னல்கள் சாதாரணப் பிரஜையாகத்தான் ஓடும். அதிகாரம் வேண்டுமென்றால் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று கேட்டு வாங்க வேண்டும். கறுப்பு ஜன்னலை அப்படித் திறந்து அதே கட்டளையைக் கொடுத்தால், பெரும்பாலான சமயம் காரியம் முடிந்தது. ஜன்னலை மூடினால் அதிகாரமும் போயிற்று. வைத்தியம் இவ்வளவுதான். இதற்கு யு.ஏ.சி.யையே அணைப்பது, கதவு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று நிலையோடு பெயர்த்தெடுப்பது.

சில சமயம் பதிவு ஒழுங்காக முடிந்திருக்கும். ஆனால் பில் போடப் போனால் 70 என்றோ 429 என்றோ வரும். 70 என்றால் அனுமதி மறுப்பு. 429 என்றால் காம்பொனென்ட்டை எழுப்ப முடியவில்லை. இதற்கு வேறு காரணங்கள். பதிவு செய்தது அட்மினிஸ்ட்ரேட்டர். ஆனால் தினமும் அதைக் கூப்பிடுவது வெப் சர்வருக்கென்று இருக்கும் ஒரு சின்னக் கணக்கு. அந்தக் கணக்குக்கு அந்த ஃபோல்டரைப் படிக்க அனுமதி இருக்காது. அல்லது 64 பிட் விண்டோஸில் 32 பிட் காம்பொனென்ட்டைத் தப்பான பேரேட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள். இதில் மைக்ரோசாஃப்டின் வேடிக்கை ஒன்று: சிஸ்டம்32 என்று பெயர் வைத்த ஃபோல்டரில் இருப்பது 64 பிட் சரக்கு. சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில் இருப்பதுதான் 32 பிட் சரக்கு! எழுத்துப் பிழை இல்லை, நிஜமாகவே அப்படித்தான். இரண்டிலும் ஒரு ரெக்எஸ்விஆர்32 உண்டு. எதை எழுப்பினோம் என்று தெரியாமல் பர்மிஷனைத் திட்டிக்கொண்டிருந்தால் விடிய விடிய திட்டலாம்.

இன்னும் ஒரு கூத்து. சர்வரின் நிகழ்ச்சிப் பதிவில் 10016 என்ற எண்ணோடு, காம்பொனென்ட்டை எழுப்ப அனுமதி இல்லை என்று வரிசையாகச் சிவப்பு வரிகள் வரும். ‘இவை திட்டமிட்டே வைத்தவை, பாதிப்பில்லை, விட்டுவிடலாம்’ என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. நம் ஆட்களால் சிவப்பைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாது. ரிஜிஸ்ட்ரியில் விண்டோஸே தன் பெயரில் பூட்டி வைத்திருக்கும் சாவியைப் பிடுங்கித் தன் பெயருக்கு மாற்றி, உரிமை கொடுத்து, சிவப்பை அழித்துவிட்டுத்தான் தூங்குவார்கள். வராத நோய்க்கு ஆபரேஷன்.

*

சரி, ‘எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்’ கொடுத்தால் அப்படி என்ன குடி முழுகிவிடும்?

எவ்ரிஒன் என்றால் அந்த மெஷினுக்குள் கணக்கு வைத்திருக்கும் எல்லோரும். ரிசப்ஷனில் உட்காரும் பெண்மணி, போன வருஷம் வேலையை விட்டுப் போனவரின் இன்னும் அழிக்கப்படாத கணக்கு, விருந்தாளிக்கென்று திறந்து வைத்த கெஸ்ட், எல்லோரும். ஃபுல் கண்ட்ரோல் என்றால் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம், ஃபைலை மாற்றி வைக்கலாம், யாருக்கு என்ன அனுமதி என்பதையே திருத்தலாம்.

இப்போது ரிசப்ஷன் கணக்கு வழியாக ஒரு வைரஸ் நுழைகிறது என்று வையுங்கள். அந்தக் கணக்குக்கு அதிகாரம் குறைவு. தானாகப் பெரிய சேதம் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் திறந்து போட்ட ஃபோல்டரில் இருக்கும் டி.எல்.எல்.லை எடுத்துவிட்டு அதே பெயரில் தன்னுடையதை வைத்துவிடலாம். அடுத்த நாள் காலை சர்வர் எழுந்திருக்கும்போது, எல்லா அதிகாரமும் உள்ள சர்வீஸ் ஒன்று அந்த டி.எல்.எல்.லைத் தன் கையால் உள்ளே அழைத்துக்கொள்ளும். ரிசப்ஷனில் நின்றவன் முதலாளி நாற்காலியில். பூட்டை உடைக்கவில்லை, சுவர் ஏறவில்லை. நீங்களே மாடிப்படி கட்டிக் கொடுத்தீர்கள்.

பதிவு செய்வதற்கு அதிகாரம் வேண்டும். ஓடுவதற்கு வேண்டாம். என் வாதம் மொத்தமும் இந்த இரண்டு வாக்கியம்தான். பந்தல் போட வந்தவர் ஏணி போட்டு மொட்டை மாடி வரை ஏறட்டும், தப்பில்லை. பந்தல் போட்டு முடித்ததும் இறங்கிப் போக வேண்டும். ஏணியை அங்கேயே சாத்திவிட்டுப் போகக் கூடாது. அஞ்சு நிமிஷ அதிகாரத்தை ஆயுள் அதிகாரமாக மாற்றுவதுதான் குற்றம்.

நான் புதிதாகக் கண்டுபிடித்த தத்துவம் அல்ல இது. 1975-ல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை ஒரு விதியாகவே வகுத்துவிட்டார்கள். ஒரு புரோகிராமுக்கும் ஓர் ஆளுக்கும் அந்த வேலைக்கு எவ்வளவு குறைந்த அதிகாரம் போதுமோ அவ்வளவுதான் தர வேண்டும் என்பது சாராம்சம். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே சொன்னது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் இளைஞரின் சீனியருக்கு இன்னும் தபால் போய்ச் சேரவில்லை.

*

‘இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். நிஜத்துல எங்க சார் நடக்குது?’ என்பவர்களுக்காக மூன்று சம்பவங்கள்.

ஒன்று: 2001 ஜூலை 19. கோட் ரெட் என்ற புழு, 14 மணி நேரத்துக்குள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. அது நுழைந்த இடம் மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரில் தேடல் வேலைக்கென்று இருந்த ஒரு டி.எல்.எல். வெறும் தேடல் துண்டு அது. ஆனால் ஓடிக்கொண்டிருந்தது ‘சிஸ்டம்’ என்ற உச்ச அதிகாரத்தில். ஓட்டை சின்னது, ஓட்டைக்குப் பின்னால் திறந்திருந்தது கஜானா. பட்ட பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் புத்தி வந்தது. விண்டோஸ் சர்வர் 2003-ல் வெப் சர்வரின் வேலையாட்களைக் குறைந்த அதிகாரமுள்ள கணக்குக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டு: 2002 மே. ஸ்பைடா என்றொரு புழு. எஸ்.க்யூ.எல். சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள ‘எஸ்.ஏ.’ என்ற கணக்குக்குப் பாஸ்வேர்டே வைக்காமல் விட்ட மெஷின்களைத் தேடித் தேடிப் பிடித்தது. பாஸ்வேர்டு எளிது என்று சொல்லவில்லை, பாஸ்வேர்டே கிடையாது! ‘டெஸ்ட்டிங்குக்காக வெச்சது சார், அப்புறம் மாத்திக்கலாம்’ என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

மூன்றாவதுதான் முக்கியம். 2017 ஜூன் 27. உக்ரைன் நாட்டில் வரிக் கணக்கு தாக்கல் செய்யப் பல கம்பெனிகளும் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற அக்கவுண்டிங் சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற நாசகாரப் புழு இறங்கியது. கவனியுங்கள், விளையாட்டு சி.டி. இல்லை, ஆபாசப் படம் இல்லை. சாதுவான கணக்கு சாஃப்ட்வேர். மெஷினுக்குள் நுழைந்த புழு இரண்டு வழியில் பரவியது. ஒன்று, விண்டோஸில் இருந்த பழைய ஓட்டை. அந்த ஓட்டையை அடைத்து வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. ஏனென்றால் இரண்டாவது வழி சாவிக்கொத்து. அந்த மெஷினில் அட்மின் யாராவது லாகின் செய்திருந்தால் அவர் அடையாளத்தை மெமரியிலிருந்து உருவி, அதைக் காட்டியே அடுத்த மெஷினுக்குள் போயிற்று. எல்லா மெஷினிலும் ஒரே அட்மின் என்றால், எல்லா மெஷினும் போயிற்று.

டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் மறுபடி முதலிலிருந்து நிறுவ வேண்டியிருந்தது. நஷ்டம் 25 கோடியிலிருந்து 30 கோடி டாலர் வரை. அவர்கள் தப்பியது எப்படித் தெரியுமா? ஊழியர் யார், அவருக்கு என்ன உரிமை என்ற பட்டியலை வைத்திருந்த சர்வர்கள் உலகம் முழுக்க அழிந்துபோயின. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆபீஸில் இருந்த ஒன்று மட்டும் பிழைத்தது. காரணம், புழு வந்த நேரத்தில் அங்கே கரன்ட் கட்! மின்வெட்டால் ஒரு பன்னாட்டு கம்பெனி பிழைத்தது அநேகமாக அன்றைக்கு ஒரு தடவைதான் இருக்கும். உங்கள் பாதுகாப்புத் திட்டமும் மின்வாரியத்தை நம்பியா?

*

இப்போது சாக்குகளுக்கு வருவோம். மூன்று சாக்கு வழக்கமாகக் காதில் விழும்.

‘நாங்க சின்ன ஆபீஸ் சார், எங்ககிட்ட திருட என்ன இருக்கு?’ திருடன் உங்களைத் தேடி வருவதில்லை ஐயா. புழு வரிசையாக எல்லாக் கதவையும் தள்ளிப் பார்க்கும், திறந்த வீட்டில் நுழையும். அதற்கு மல்டிநேஷனலும் தெரியாது, மளிகைக் கடையும் தெரியாது. ரேன்சம்வேர்காரன் உங்கள் கணக்கைத் திருடி விற்கப் போவதில்லை. பூட்டி வைத்துக்கொண்டு உங்களிடமே விற்பான். மார்ச் மாதக் கடைசியில் உங்கள் அக்கவுண்ட்ஸ் உங்களுக்கு எவ்வளவு பெறும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘ஆன்டிவைரஸ்தான் இருக்கே?’ இருக்கிறது. அதைத்தான் இன்ஸ்டால் பண்ணும்போது நிறுத்தச் சொன்னார்களே! தவிர, 2016-லேயே தெரிந்துபோன விஷயம் ஒன்று உண்டு. இந்த ரெக்எஸ்விஆர்32 கருவியையே பயன்படுத்தி, இன்டர்நெட்டிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட்டை இழுத்து ஓடவைக்க முடியும். கருவி மைக்ரோசாஃப்டின் கையெழுத்துள்ளது, விண்டோஸோடு வந்தது. அனுமதித்த புரோகிராம்களை மட்டும் ஓடவிடும் காவலையும் அதை வைத்து ஏமாற்ற முடிந்தது. போலீஸ் யூனிஃபார்மில் வருகிறவனை எந்த வாட்ச்மேன் தடுப்பான்? ஆகவே ஆன்டிவைரஸ் ஒரு காவல். அதுவே கடைசிக் காவல் ஆகிவிடாது.

‘வேலை நிக்குதே சார், கஸ்டமர் க்யூவில நிக்கறாங்களே?’ இது மட்டும்தான் நியாயமான சாக்கு. இதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். அவசரத்துக்குத் திறக்க வேண்டியிருந்தால் திறந்துகொள்ளுங்கள். ஆனால் எதைத் திறந்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, அன்று சாயங்காலமே மூடுங்கள். திறந்தது குற்றமில்லை, மறந்தது குற்றம். நம் ஊர் சர்வர்களில் ‘தற்காலிகம்’ என்று திறந்த கதவுகளுக்கு வெள்ளி விழா கொண்டாடலாம்.

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். சிஹெச்மாட் 777 என்று அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகும் ஆசாமிகளைத்தான் சொல்கிறேன். படிக்க 4, எழுத 2, ஓடவைக்க 1, கூட்டினால் 7. சொந்தக்காரருக்கு 7, குழுவுக்கு 7, ஊருக்கே 7. எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல் என்பதன் லினக்ஸ் மொழிபெயர்ப்பு இது. ஆபரேட்டிங் சிஸ்டம் வேறு, சோம்பேறித்தனம் ஒன்றுதான்.

*

வந்த இளைஞரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு ஆபீஸ் பாக்கி. உண்மையான குற்றவாளி அவருக்குப் பின்னால் இருக்கிறார்: சாஃப்ட்வேர் எழுதியவர்.

எழுதியவர் தன் மெஷினில் தானே அட்மினிஸ்ட்ரேட்டர். அங்கே எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். ‘என் மெஷின்ல ஓடுதே!’ என்பார். ஓடத்தான் ஓடும். ராஜா வீட்டுக் கன்றுக்குட்டியை எந்த வயலில் தடுப்பார்கள்? சாதாரணக் கணக்கில் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்து அனுப்பியிருந்தால் பாதிப் பிரச்னை அவர் ஆபீஸிலேயே தீர்ந்திருக்கும். அதைச் செய்யாமல், மேனுவலில் முதல் பக்கத்திலேயே ‘அட்மினிஸ்ட்ரேட்டராக லாகின் செய்யவும், யு.ஏ.சி.யை அணைக்கவும்’ என்று அச்சடித்து விடுகிறார்கள். தன் வேலையை மிச்சம் பிடித்து, ஆபத்தை நம் தலையில் கட்டுகிறார்கள்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. 1999-லிருந்தே விண்டோஸ் இன்ஸ்டாலர் உண்டு. காம்பொனென்ட்டிடம் பேனாவைக் கொடுக்காமல், எழுத வேண்டிய வரிகளை முன்கூட்டியே பட்டியலாகத் தந்துவிட்டால் இன்ஸ்டாலரே எழுதிக்கொள்ளும். பாதியில் தோற்றால் எழுதியதை அழித்தும் விடும். தானே எழுதிக்கொள்ளும் முறையைத் தவிர்க்கும்படி மைக்ரோசாஃப்ட் அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதல், பேரேட்டில் எழுதாமலேயே தன் ஃபோல்டரில் ஒரு சின்ன விவர ஃபைலை வைத்துக்கொண்டு ஓடும் வழியும் இருக்கிறது. வழி இல்லாமல் இல்லை. மெனக்கெட மனம் இல்லை.

அதிகாரம் கேட்பவர் எல்லோரும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்லவரும் தவறு செய்வார். 2024 ஜூலை 19 அன்று, கோட் ரெட் வெடித்த அதே தேதியில், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு கம்பெனி அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களைப் படுக்கவைத்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதில் வைரஸ் இல்லை, திருடன் இல்லை. காவல்காரனேதான். ஆனால் அவன் இருந்த இடம் விண்டோஸின் கர்ப்பக்கிரகம். வெளிப் பிராகாரத்தில் தடுக்கி விழுந்தால் முட்டி சிராய்க்கும். கர்ப்பக்கிரகத்தில் விழுந்தால் கோயிலையே மூட வேண்டியதுதான். அதனால்தான் யாரை எதுவரை விடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இது சந்தேகப் புத்தி அல்ல. கணக்கு.

*

குறை சொல்லிவிட்டு ஓடிப்போகும் உத்தேசம் இல்லை. வழியும் சொல்லிவிடுகிறேன்.

பிராசஸ் மானிட்டர் என்று ஒரு கருவி. இலவசம். சிஸ்இன்டர்னல்ஸ் என்ற பெயரில் வந்த கருவிகளின் குடும்பம். 2006-ல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. அதை ஓடவிட்டு, ‘ஆக்ஸஸ் டினைடு’ என்ற முடிவுகளை மட்டும் காட்டச் சொல்லி, பிறகு அந்தப் பதிவுக் கட்டளையைக் கொடுங்கள். எந்த புரோகிராம், எந்தக் கணக்கின் பெயரில், எந்த ஃபோல்டரை அல்லது ரிஜிஸ்ட்ரியின் எந்த வரியைத் தொடப் போய் உதை வாங்கியது என்று வரி வரியாகக் காட்டிவிடும். ஊகம் வேண்டாம், ஜோசியம் வேண்டாம். அந்த ஒரு கணக்குக்கு, அந்த ஓர் இடத்தில், படிக்க மட்டுமா எழுதவுமா என்று பார்த்து அனுமதி கொடுத்தால் தீர்ந்தது. இதற்கு அஞ்சு நிமிஷம் போதாதுதான். அரை மணி ஆகலாம். மெர்ஸ்க்குக்குப் பத்து நாள் ஆனது.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. அட்மின் அதிகாரம் பதவி அடையாளம் அல்ல. ‘நான்தானே ஓனர், எனக்கு எல்லாம் திறக்கணும்’ என்று தினசரி மெயில் பார்க்கும் கணக்குக்கே அட்மின் உரிமை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மெயிலில் வரும் விஷத்துக்கும் அதே உரிமை கிடைக்கும். மெயிலுக்கு ஒரு கணக்கு, நிர்வாகத்துக்கு வேறு கணக்கு. கம்பெனி பெயரோடு 123 சேர்த்து வைத்த பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். அது உங்கள் பழைய வெண்டர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

அடுத்த முறை யாராவது ஃபுல் கண்ட்ரோல் கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எந்தக் கணக்குக்கு? எந்த இடத்தில்? எவ்வளவு நேரத்துக்கு?

பதில் தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார். நல்ல டெக்னீஷியன் இந்தக் கேள்விக்காகக் காத்திருப்பவர். ‘அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்’ என்று சொல்பவருக்கே புரியவில்லை என்று அர்த்தம். மூன்று பதிலையும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரும் வரை பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.

காபி கொடுக்கலாம். அதற்குத் தடையில்லை.